இருபத்தேழாம் எண்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, எண்தான். ஒரே வகுப்பில் அறுபத்தொரு பிள்ளைகள், கண்ணுகளா. டீச்சர்தான் என்ன செய்வார்? மூக்குக்கண்ணாடி பதிவேட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து வரிசையாக வாசிப்பார். குரல் வந்தால் ஒரு கோடு. தலை நிமிர்ந்ததே கிடையாது.

வாயாடிக்கு இருபத்தாறு. அவளுக்குப் பத்து நிமிடம் பின்னால் பிறந்த தம்பிக்கு இருபத்தேழு. இரட்டைப் பிள்ளைகள்தான், ஆனால் அவள் வாய் ஓயாது, அவன் வாய் திறக்காது. திறந்தாலும் கரகரவென்று ஒரு குரல். வீட்டில் அவனுக்குப் பெயரே தவளை.

தவளைக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் சேர்ந்தாற்போல வராவிட்டால் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு வாசலில் வேறு பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள்.

அம்மா அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "தம்பி எந்திரிக்கிற வரைக்கும் அவனுக்கும் சேர்த்து நீயே சொல்லிடுடி. உன் வாய்க்கென்ன பஞ்சமா?"

"எங்க, என்னை மாதிரி சொல்லிக் காட்டு," என்றான் தவளை.

அவள் தொண்டையை அமுக்கிக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

"தவளைக்கே சளி பிடிச்ச மாதிரி இருக்குடி." சிரித்தான், இருமினான், மறுபடியும் சிரித்தான்.

பக்கத்தில் உட்காரும் கோள்மூட்டிக்குத் தினம் ஒரு துண்டு பென்சில் கொடுத்து வாயை அடைத்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பதினோராம் நாள் விடிந்தது, தவளை எழுந்திருக்கவில்லை. பழப்பெட்டி செய்கிற அப்பா அன்று பட்டறையில் ஆணி அடித்த பெட்டி, பழத்துக்கு இல்லை.

நாலு நாள் கழித்து வாயாடியைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இனிமேல் சொல்லாதே என்று சொல்ல யாருக்கும் நினைப்பு வரவில்லை. டீச்சர் இருபத்தேழு என்றார். தினமும் கோடு விழுகிற வரைக்கும் தம்பிக்கு இடம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை மனசு கணக்குப் போட்டது. தொண்டையை அமுக்கினாள்.

மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஒரு காலையில், மரத்தூள் ஒட்டிய சட்டையோடு அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"பையன் தவறிட்டான் டீச்சர். பேரை எடுத்துடுங்க."

"என்னங்க சொல்றீங்க? நேத்துகூட வந்திருக்கானே! இதோ பாருங்க."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடு தெரியும். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, மகளைப் பார்த்தார்.

"அடிக்காதீங்க டீச்சர்," என்று அவள் எழுந்தாள். "அவன் இடம் போயிடும்."

கோள்மூட்டிகூடக் குனிந்துகொண்டாள்.

"அடிச்சிடுங்க," என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

அன்றைக்குத்தான் டீச்சர் தலை நிமிர்ந்தார்.

"இருபத்தேழு."

வாயாடி தொண்டையை அமுக்கினாள். இன்னும் அழுத்தினாள். "உள்ளேன் டீச்சர்." வந்தது அவளுடைய குரல்தான், கண்ணுகளா. கணீரென்று, அவளுடைய குரல்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார்.

"இருபத்தெட்டு," என்றார் டீச்சர்.