வெட்டிய இடத்தில் ரோஜாப்பூ

“என்னத்தா, கேமராவப் பாக்க மாட்டியா?”

வீடியோக்காரர் தனுஷ்கோடி அப்படிக் கேட்டதும் இசைவாணி இன்னும் குனிந்துகொண்டாள். சடங்குத் தண்ணீர் ஊற்றிய ஈரச்சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. வயதுக்கு வந்ததால் அவள் பள்ளிக்கூடம் போவது அந்த வாரத்தோடு நின்றுபோயிருந்தது.

“வெக்கப்படுதா. அதையும் சேத்து எடுங்க” என்று அப்பா தங்கச்சாமி சிரித்தார்.

மாலையில் ரேடியோ செட் சத்தமென்று போலீஸ் வந்தது.

“நிப்பாட்டிட்டோம்ல சார், பிறகு ஏன் பெட்டிய மிதிக்கீக?” என்று கேட்ட அத்தை வெள்ளைத்தாயை எஸ்.ஐ. கன்னத்தில் அறைந்தார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சில நாளில் வெள்ளைத்தாய் மீதே வழக்கு வந்தது. அவள்தான் போலீஸைக் கைநீட்டி அடித்தாளாம். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில், “கேஸ முடிச்சிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, தெருவே கூடி உட்கார்ந்து சடங்கு சிடி பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, அவரு என்னைய அடிச்ச படத்தத் தாங்க. டூட்டில இருக்க போலீச எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இல்லையாம். வக்கீலம்மா சொன்னாக. அது இல்லாட்டி என்னைய உள்ள போட்டுருவாக.”

“சட்டம் கெடக்கட்டும். நம்ம வீட்டுப் பொம்பள அடி வாங்குனத கோர்ட்டுல போட்டுக் காட்டவா? குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்? வெட்டச் சொல்லிட்டேன்.”

“எடுத்த கேசட்டு இருக்கும்ல?”

“அதுமேல விஸ்வநத்தத்துக் கலியாணம் எடுத்துட்டாராம்.”

டிவியில் வெள்ளைத்தாய் சீர்த்தட்டோடு வாசலேறினாள். போலீஸ் வரவேண்டிய இடத்தில் இரண்டு ரோஜாப்பூக்கள் விரிந்து மூடின. அடுத்து எல்லோரும் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சோத்த என்னத்தப் பாக்க? அந்தத் தண்ணி ஊத்துனதத் திருப்பிப் போடுங்க. பிள்ள நெளிஞ்ச நெளிப்பு இருக்கே!” என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய். கூட்டம் சிரித்தது. திரையில் இசைவாணி மறுபடியும் நனைந்தாள்.

கதவோரம் நின்ற இசைவாணி மெல்லக் கேட்டாள்: “அத்த அடி வாங்குனது மானக்கேடுன்னா, இது என்னதுப்பா?”

“பொட்டப்பிள்ள பேசுற பேச்சா இது? உள்ள போ.”

அவள் போகவில்லை. கூட்டத்தில் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

வெள்ளைத்தாய் எழுந்து டிவியை அணைத்தாள். பிளேயரிலிருந்து சிடியை எடுத்து மடியில் செருகினாள். “ஏளா, அது எங்க வீட்டு சிடி!” என்று தங்கச்சாமி எழுந்தார். “பிள்ளைய இனி ஒருத்தரும் பாத்துச் சிரிக்க வேண்டாம்” என்று அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.