கிழக்கே பார்த்த மயில்

வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை விற்கும் எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது, பேரத்தில் உண்டு. அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

கடையில் மயிலாப்பூர் செட் ஒன்று இருந்தது: லிங்கம், புன்னை மரம், பெண்மயில். ஈசன் உபதேசம் செய்யும்போது அம்மன் மயிலாட்டத்தை வேடிக்கை பார்த்தாளாம். மயிலாகப் போ என்று சாபம். புன்னையடியில் பூசை செய்து மீண்டாள். ஊருக்கும் பெயர் கிடைத்தது.

"யோவ், செட்டப் பிரிச்சி வித்துடாத. அந்தம்மா மரத்தத் தேடிக்கினே கெடக்கும்" என்பாள் என் மனைவி தேவானை. பக்கத்திலிருக்கும் செட்டியார் பொம்மையைக் காட்டி, "தொப்பை அப்பிடியே நீதான்யா" என்றும் சிரிப்பாள்.

சாந்தோம் டீச்சர் ஃப்ளோரா, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆகும் என்று மரத்தை மட்டும் கேட்டார். தேவானை போய் ஒரு வருஷம். தடுக்க ஆளில்லை. கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை தார்ப்பாயை விலக்கினால், மயில் லிங்கத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றது. திருப்பி வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. எலி வேலை என்றேன். மரம் போன சாந்தோம் கிழக்கே இருக்கிறது என்று எலிக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாம் நாள் என் வாய் தானாக, "இன்னா தேவானை?" என்றது.

போன கொலுவில் அவள் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தாள். "யோவ், நெஞ்சு ஒரு மாதிரி கீதுய்யா" என்றாள். நான் ஒரு தசாவதார செட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். "இரு, பார்ட்டி போயிடும்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ட்டி வாங்கிக்கொண்டு போனது. அவளும் போய்விட்டாள்.

அதன்பின் மயிலை நான் திருப்பவில்லை. கடை திறந்ததும் அதனோடுதான் பேச்சு. யாராவது விலை கேட்டால், "வித்தாச்சு" என்பேன்.

கொலு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஃப்ளோரா வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பஞ்சாட்சரம் அண்ணே, அந்த மரம் தெனம் மேக்கால சாஞ்சி விழுது. எங்க வீட்டுக்காரர் பசை போட்டு ஒட்டியும் பாத்தார். இதுகூட வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

என் கண் மயிலிடம் போனது. பின்னாலேயே அவர் கண்ணும் போனது.

"அது எவ்ளோ?"

நிஜ மயிலே வந்து ஆடும் விலையைச் சொன்னேன். கீரைக்கட்டுக்கு அரை மணி பேரம் பேசுகிறவர். போய்விடுவார் என்று நம்பினேன். அவர் பையைத் திறந்தார்.

"குடுங்கண்ணே. பாவம், வரணும்னுதான நிக்குது."

கேட்ட விலைக்குப் பேசாமல் ஒத்துக்கொண்டால் வியாபாரி வாய் மாறக்கூடாது. எங்கள் வீதி வழக்கம். வைக்கோல் வைத்துச் சுற்றினேன். மூன்று தடவை முடிச்சு அவிழ்ந்தது. பணத்தை வாங்கவில்லை.

மறுநாள் காலை தார்ப்பாயை விலக்கினேன். மயில் இருந்த இடம் காலி. பக்கத்திலிருந்த செட்டியார் மட்டும் கிழக்கே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"இது இன்னா வெல?" என்றது முதல் பார்ட்டி, முதுகுக்குப் பின்னால்.

"இருங்க" என்றேன், செட்டியாரை விட்டுத் திரும்பாமலே.