தடம் விழாத தாப்பு

பெல்ஜியத்து ஃபோட்டோக்காரர் யோஸ், ஒரு பங்குனியில் ஜெய்சல்மேர் போகும் வழியில் எங்கள் ஊர் ரோஹிடாசரில் தாப்புவைப் படமெடுத்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து அவள் கால் மணலில் தடம் விடவில்லை. மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ரொட்டி தட்டினாள், ஒட்டகம் ஓட்டினாள், மாமியாரிடம் திட்டு வாங்கினாள். நிறைகுடத்தோடு கிணற்றிலிருந்து வருவாள். பின்னால் மணல், காற்று போட்ட வரிகளோடு அப்படியே கிடக்கும்.

வேறு ஊராக இருந்தால் பேச்சோடு போயிருக்கும். எங்கள் ஊர் மருமகள்கள் முக்காட்டை நெஞ்சுவரை இழுத்துவிட்டுத்தான் நடப்பார்கள். இன்னார் வீட்டு மருமகள் என்று ஆண்கள் காலடியை வைத்துத்தான் சொல்வார்கள். தடம் பார்க்கிற லூணா கான் ஒரு நடை போய்வந்தால் போதும், யார் எங்கே போனாள், எங்கே நின்று வம்பளந்தாள் என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் மாமியார்களுக்கு வந்துசேரும். தாப்புவைப் பற்றி மட்டும் சேதி நின்றுபோனது. அவள் மாமியார் ஹர்கூவுக்கு ரொட்டி இறங்கவில்லை.

ஐப்பசியில் ஊர்த்தலைவரின் கிடா காணாமல் போனது. மூன்று நாளாகக் காற்றே இல்லை. ஆனாலும் பட்டியைச் சுற்றி அந்நியத் தடம் ஒன்றுகூட இல்லை. லூணா கான் தவழாத குறையாகத் தேடிவிட்டு எழுந்தார்.

"தடமில்லாம திருட இந்த ஊர்ல ஒருத்தியாலதான் முடியும்."

மனிதருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் கொடுமை. ஒட்டகம் குட்டி போட்ட இடத்தில் இருந்தேன் என்று தாப்பு மாமியாரிடம் மெல்லச் சொன்னாள். "இருந்ததுக்குத் தடம் எங்கடி?" என்று மாமியாரே கேட்டாள். ஊர்க் கிணற்றில் அவள் குடம் இறங்கக் கூடாது என்று தீர்ப்பானது. ஐந்து மாதம் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு நடந்தாள், போகவர ஏழு மைல். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் ஹர்கூவும் அவளைத் திட்டினாள்.

படமெடுக்கிறவர்கள் எல்லாரும் பிரதி அனுப்புவதாகச் சத்தியம் செய்துவிட்டுப் போவார்கள், ஒருத்தரும் அனுப்பியதில்லை. யோஸ் அனுப்பினார். மறு பங்குனியில் தபாலில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் முக்காடும் குடமுமாகத் தாப்பு. அவளுக்குப் பின்னால் விரிந்த மணல் முழுக்கக் காலடிகள், ஒரு வருடம் நடந்ததெல்லாம். லூணா கான் பூதக்கண்ணாடியோடு கவிழ்ந்து படித்தார். கிடா போன நாளில் அவள் வன்னி மரத்தடியில் ஒட்டகத்தோடுதான் இருந்திருக்கிறாள். அப்புறம் பக்கத்து ஊர்க் கிணற்றுப் பாதை. தடத்தின் மேல் தடம் விழுந்து பள்ளமாகியிருந்தது.

இன்னொரு படம் அந்தக் கிடா. யோஸ் அதையும் எடுத்திருந்தார். முப்பது ஆட்டுக்கு நடுவே ஒன்றின் குளம்பு பதியவில்லை என்று யார் பார்த்தார்கள்? படத்தில் அதன் தடம் பட்டியைத் தாண்டி உப்பளத்துக்கு அப்பால் போனது. ஆட்கள் அதே வழியில் போய், வேறொருவர் மந்தையில் கொழுத்துத் திரிந்த கிடாவை இழுத்துவந்தார்கள். படம்தான் தடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அதன் படத்தைக் கொளுத்தினார்கள். எரிந்து முடிவதற்குள் குளம்பு மணலில் பதிந்தது.

ஊருக்கு அவமானமாகிவிட்டது. "மருமகளே, உன் படத்தையும் கொளுத்திரு. தடம் திரும்பிரும், பழைய மாதிரி இருக்கலாம்" என்றார் லூணா கான்.

பெரியவர்கள் முன்னால் அதுவரை வாய் திறக்காத தாப்பு முக்காட்டுக்குள்ளிருந்து நேராகவே பேசினாள்.

"வேணாம் சாச்சா. இருவது வருஷமா நான் எங்க போனேன்னு நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. இனிமே தெரியணும்னா என்னையே கேளுங்க. தோணுச்சுன்னா சொல்றேன்."

படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்தாள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுத்தாள், தோன்றிய பக்கம் நடந்தாள்.

அவள் இறந்த பதின்மூன்றாம் நாள் மகனின் மனைவி பெட்டியைத் திறந்தாள். படத்தில் தாப்பு இல்லை, குடம் மட்டும் மணலில் இறக்கி வைத்திருந்தது. காலடிகள் மேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அதைச் சுவரில் மாட்டினாள். காலையில் பார்த்தால் முந்தின நாளைவிடத் தடம் தள்ளிப் போயிருக்கும். பார்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போவாள். லூணா கானின் மகன் ஒருநாள் பூதக்கண்ணாடியோடு வந்து நின்றான். மருமகள் அவனுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.