முதலாம் குறிப்பு

வெள்ளிக்கிழமையோடு நிலாணியின் மூன்று மாதப் புரொபேஷன் முடிகிறது. ரெக்ஸ்டேலில் எங்கள் களஞ்சியத்தில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓடும் ஒரே பெண் அவள். அவளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று எழுதிக்கொடுக்க வேண்டியவர் சுப்பர்வைசர் ஹெக்டர். அந்த ஹெக்டர்தான் அவளைப் பெயர் சொல்லாமல் ‘மரிமாச்சா’ என்று கூப்பிடுகிறார்.

வேலையிடத்தில் தமிழ் ஆட்களுக்கு முறைப்பாட்டுக் கடிதங்கள் எழுதிக்கொடுப்பவன் நான். திகதி, நேரம், சாட்சி இல்லாமல் ஒரு வரியும் எழுதமாட்டேன். வியாழன் பின்னேரத்துக்குள் கடிதம் மனேஜரிடம் போகவேண்டும். புதன் மத்தியானமாகியும் அந்த ஸ்பானியச் சொல்லுக்கு என்ன பொருள் எழுதுவது என்று பிடிபடவில்லை. இருப்புக் கொள்ளாமல் சாப்பாட்டறைக்கும் லொறிகளில் சாமான் ஏற்றும் லோடிங் டொக்குக்கும் நடந்தேன்.

கடைசியில் லேபல் ஒட்டும் டெல்மியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். எல் சல்வடோர்காரி, ஸ்பானியம் பேசுபவள்.

“ஆணைப்போல நடக்கிற பெண். நான் மரம் ஏறினால் அம்மா அப்படித்தான் ஏசுவாள். இப்போது என் தங்கை தன்னைத் தானே அப்படிப் பெருமையாகச் சொல்கிறாள்.”

“அப்படியென்றால் கெட்ட சொல் இல்லையா?”

“தங்கை தன்னைச் சொல்கிறாள். ஹெக்டர் இவளைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார். அதையும் எழுது.”

எழுதினேன். வேலை முடிந்ததும் நிலாணி வந்து கொப்பியை வாங்கிப் பார்த்தாள். ஆறு குறிப்புகள்.

“வடிவா எழுதியிருக்கிறியள், அண்ணை. ஆனா ஒண்டு குறையுது.”

“எது?”

“மாசி பன்னிரண்டு, சாப்பாட்டு மேசை. ‘உது ஆம்பிளைப் பெட்டை, உதுக்கு மாப்பிளை சரிவராது, பொம்பிளைதான் பாக்கவேணும்’ எண்டு ஒராள் சொன்னவர். மேசை முழுக்கச் சிரிச்சது. ஏன் சிரிக்கிறியள் எண்டு ஹெக்டர் கேக்க, அந்த ஆளே எழும்பி இங்கிலீசிலை விளங்கப்படுத்தினவர். உங்கடை முதலாம் குறிப்பு அதுக்கு அடுத்த நாள்.”

அந்த ஆள் நான்.

“அது பகிடி, பிள்ளை.”

“ஹெக்டரும் பகிடி எண்டுதான் சொல்லப்போறார். நீங்கள் எழுதாட்டி, நீங்கள்தான் துவங்கினது எண்டு அவர் சொல்லுவார். பிறகு கடிதத்தை ஆர் நம்புவினம்? எனக்கு இந்த வேலை வேணும், அண்ணை.”

வீட்டில் தேத்தண்ணீர் ஆறிப்போனது. அன்று சாப்பாட்டு மேசையில் கூட இருந்த அன்புராசாவுக்கு அழைத்து, சாட்சிக்கு வருவாயா என்று கேட்டேன்.

“உங்களுக்கென்ன விசரே, குலசிங்கம் அண்ணை? வோர்ணிங் லெற்றர் வேணுமெண்டால் நீங்கள் வாங்குங்கோ. என்னை இழுக்காதேங்கோ.”

அந்த நாளை ஏழாவது குறிப்பாக அடியில் சேர்த்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. திகதிப்படி அது முதலாவது. தாளைக் கிழித்துவிட்டு, மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கித் திரும்ப எழுதினேன்.

சொன்னவர்: குலசிங்கம். சாட்சி: குலசிங்கம்.

வியாழன் மூன்று மணிக்கு மனேஜர் என் முன்னால் கடிதத்தைப் பிரித்தார். முதல் வரியிலேயே நின்று, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“இது நீயா?”

“ஓம்,” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு தலையாட்டினேன். வெளியே நிலாணியின் போர்க்லிப்ட் பின்வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மனேஜர் இரண்டாம் குறிப்புக்குப் போனார்.