காற்று வளையம்

பையைத் திறந்து காட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. வாசலில் வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது. காலர் தன் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மேலே சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாத்திரை அட்டை. அடியில் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்று. டப்பாவைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

அந்தத் தையல் ஆலையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. காலர் வைப்பவள் காலர். கை முனைப் பட்டை தைப்பவள் கஃப். பாக்கெட் வைப்பவள் பாக்கெட், பட்டன் தைப்பவள் பட்டன். அவசரத்துக்குப் போன் செய்தால் இவள் புருஷனே, "காலரைக் கூப்பிடுங்க" என்றுதான் கேட்பான்.

காவல் அக்கா டப்பாவைத் தள்ளிவிட்டு நேராகத் துண்டில் கை வைத்தாள். உருவியதும் நீல நிற ரப்பர் வளையம் ஒன்று சப்பிப்போய்த் தொங்கியது. நடுவில் ஓட்டை, ஓரத்தில் ஊதும் மூக்கு.

"என்னம்மா இது? நீச்சல் குளத்துக்கா கிளம்பிட்ட?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பையனுக்கு வாங்கினதுக்கா. அளவு சரியில்ல. சாயங்காலம் கடையில மாத்தணும்."

பொய் எச்சில் மாதிரி தானாக வந்தது. காவல் அக்கா வளையத்தை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்தாள். காலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேலை தொடங்கும் முன்பு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஊதுகிற சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று குழாயைத் திறந்துவிட்டாள். மூத்திர நெடியில் மூச்சை இழுத்து இழுத்து, வளையம் கல்லு மாதிரி ஆகும்வரை ஊதினாள். காற்று நிறைய இருந்தால் சுகமும் நிறைய இருக்கும் என்பது அவள் கணக்கு. அதை ஏப்ரனுக்குள் செருகி, வயிற்றைப் பிடித்தபடி லைனுக்கு வந்தாள்.

கஃப் ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, நேத்து சாயங்காலம் வரைக்கும் இல்லாத வயிறு, விடியறதுக்குள்ள எங்கேர்ந்து வந்துச்சு?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

ஸ்டூலில் வளையத்தை வைத்து மேலே துண்டை விரித்து உட்கார்ந்தாள். மிதி எட்டவில்லை. முன்னால் நகர்ந்து எட்டிப் பிடித்து மிதித்தால், வளையம் அவளைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டது. முதல் காலர் கோணிக்கொண்டு போனது. இரண்டாவதைப் பிரித்துத் தைத்தாள். வலி குறையவும் இல்லை.

கஃப் பக்கத்து மிஷினிலிருந்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பாதிக் காத்தை இறக்கு. அவ்ளோ விறைப்பா ஊதிட்டு அது மேல உட்கார்றதுக்குப் பலகையிலேயே உட்காரலாம். நீ உட்கார்ந்தா அது அமுங்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

காலரின் கை நின்றது. "உனக்குமா?"

"மைக் வெச்சுக் கேளேன்." கஃப் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வீட்டுல ஒண்ணு வெச்சிருக்கேன், பரண் மேல. இங்க கொண்டு வர்ற தைரியம் எனக்கில்லம்மா."

காலர் மூக்கின் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் கிளம்பியது. இஸ்திரி மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். கஃப் அநியாயத்துக்கு இருமினாள். மூடியைப் போட்டதும் இருவரும் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மூன்றாவது காலர் நேராக வந்தது.

லைனுக்கு ஒரே ஒரு கார்டு. சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆணியில் இருந்தாலும் எடுக்கும்போது சூப்பர்வைசர், "இப்பத்தானே போனீங்க அக்கா" என்பார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். காலையில் நிரப்பிக்கொண்டு வரும் பாட்டில் மாலையில் அப்படியே வீட்டுக்குப் போகும். காலருக்கு வயிறு கல்லாக இறுகியது. பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து ரத்தம் வர ஆரம்பித்தது. வெகுநாள் அதைப் புருஷனிடம்கூடச் சொல்லாமல், துணியை அவன் எழுவதற்கு முன்னே அலசிப் போட்டாள். கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "தண்ணி நிறையக் குடிங்க. அதிகம் உட்காராதீங்க." அவளும் பெரிதாகத் தலையாட்டினாள். மருந்துக் கடைக்காரர்தான், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "மூலத்துக்குத்தானே? காத்து வளையம் வாங்கிக்குங்க" என்று உரக்கச் சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

பாதிக் காற்றில் வளையம் அவளைத் தாங்கியது. அன்று முதல் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை; துணிக்கூடையின் அடியில் ஒளித்து வைத்தாள். காலரெல்லாம் பிசிறில்லாமல் வந்தது. "பழைய கை திரும்பிடுச்சே அக்கா" என்று சூப்பர்வைசரே சொன்னார். இவளைவிட வயதில் சின்னவர். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை சார் என்பாள்.

சட்டைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்த அன்று எல்லாம் பளபளவென்று இருந்தது. கழிப்பறையில் புது சோப்பு. விருந்தாளிகள் பேசுவது காதில் விழ வேண்டும் என்று மிஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். கூடவே ஆபீஸ் மேடம், அவர்கள் பாஷையை இவர்களுக்கும் இவர்கள் பாஷையை அவர்களுக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டு.

வந்த பெண் மிதியைப் பார்க்கக் குனிந்தாள். நிமிரும்போது துண்டின் ஓரத்தில் நீலம் தெரிந்தது. ஏதோ கேட்டாள்.

"எழுந்திரிம்மா. இது என்னன்னு கேக்கிறாங்க."

காலர் எழுந்தாள். துண்டு அவளோடு வந்து கீழே விழுந்தது. நடு ஓட்டையோடு வளையம் ஸ்டூலில் அம்மணமாகக் கிடந்தது. வந்த பெண் அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஸ்குரூடிரைவரோடு நின்ற மெக்கானிக்கும் இஸ்திரிக்காரனும் கழுத்தை நீட்டினார்கள்.

"உடம்பு சரியில்ல மேடம்."

"உடம்புக்கு என்ன? சொல்லு, பயப்படாத."

"மூலம்."

"என்னது? கேக்கல."

"மூலம் மேடம்."

ஒரு மிஷின்கூட ஓடவில்லை. அந்த வார்த்தை கடைசி மேசைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. காலர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை மேடம் நீட்டி முழக்கி மாற்றிச் சொன்னார். வந்த பெண் முகம் சுருங்கிப் பரிதாபத்தோடு இவளைப் பார்த்தாள். உண்மையான பரிதாபம்தான்.

"இங்க செய்ற வேலையால வந்ததான்னு கேக்கிறாங்க."

சூப்பர்வைசர் தன் ஷூ நுனியைப் பார்த்தார். கூடைக்குப் பக்கத்தில் பாட்டில் நிரம்ப நிரம்ப நின்றது. அதைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் காட்டினால் பேச வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படி, எவ்வளவு ரத்தம் என்று கேட்பார்கள். மெக்கானிக் நிற்கிறான். இது சீக்கிரம் முடிந்து துண்டை எடுத்து மூடினால் போதும் என்றிருந்தது.

"இல்ல மேடம். வீட்டுலேர்ந்தே இருக்கு. பிள்ளை பெத்ததுல வந்தது."

மேடத்தின் தோள் இறங்கியது. அடுத்த கேள்வியை லைன் முழுவதற்கும் கேட்டார். "வேற யாருக்காவது இந்தக் கஷ்டம் இருக்கா? இருந்தா கை தூக்குங்க. வளையம் வாங்கித் தரச் சொல்றாங்க."

ஒரு கையும் எழவில்லை. கஃப் ஊசிக்குள் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கிறாங்க."

"அதிகம் உட்காரக் கூடாதுன்னாரு."

இந்த ஒன்றாவது நிஜமாக இருக்கட்டுமே என்றுதான் சொன்னாள். வந்த பெண் அதைக் குறித்துக்கொண்டு, மேடத்திடம் என்னவோ சொல்லிவிட்டு, இவள் தோளைத் தொட்டுப் புன்னகைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து நூல் வெட்டுற மேசைக்குப் போயிடுங்க அக்கா. நின்னுக்கிட்டே செய்யலாம். உங்க நல்லதுக்குத்தான்."

"சம்பளம் சார்?"

"அது ஹெல்பர் வேலைதானே."

"சார், அந்த வளையம் இருந்தா எனக்கு வலிக்கல. என் காலரை நீங்களே பார்த்தீங்க. என்னை அங்கேயே விட்டுடுங்க."

"உட்காரக் கூடாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க? அவங்க எழுதிட்டுப் போயிட்டாங்க. இப்ப உங்களை உட்கார வெச்சா என்னைக் கேப்பாங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள்.

வீட்டில் புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதுகைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தான். அவன் சரக்கு ஏற்றுகிறவன். முதுகு போன வருஷமே போய்விட்டது. "வேலையால வந்துச்சான்னு அவங்களே கேட்டிருக்காங்க. நீ என்ன சொன்ன?"

"பிள்ளை பெத்ததுல வந்ததுன்னேன்."

தரையில் படுத்து எழுதிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தான். "அவன் என்னடி பண்ணான்?" என்றான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் நூல் வெட்டும் மேசையில் நின்றாள். சட்டையைப் புரட்டி, தொங்கும் நூலைக் கத்தரித்து, உதறி, அடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. சட்டைக் கட்டுக் கொண்டு வருகிற சாக்கில் கஃப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தூக்கணும்னுதான் நெனச்சேன். கை வரலடி."

"எனக்கு வாய் வந்துச்சா? போ, சார் பாக்கிறாரு."

கஃப் போகவில்லை. "மூணு பேரு கேட்டாங்க, எந்தக் கடைன்னு. உன்கிட்ட கேக்கக் கூச்சமா இருக்காம்."

"சொல்லிடு. கடையில ஆள் இல்லாத நேரமாப் பார்த்துப் போகச் சொல்லு."

கஃப் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். லைனுக்குள் இருந்தவரை காலருக்கு ஊசியும் முன்னால் இருப்பவளின் பின்கழுத்தும்தான் தெரியும். இங்கே நின்றால் லைன் முழுவதும் பின்பக்கமாகத் தெரிந்தது. கத்தரி கையிலேயே இருக்க, அவள் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். கஃப் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தாள். பாக்கெட் வலது பக்கமாக. பட்டன் ஸ்டூலின் விளிம்பில், ஒரு தொடையில் மட்டும். அதற்கடுத்தவள் காலை மடித்து அதன்மேல். காலர் முன்பு இருந்த ஸ்டூலில் இன்று காலை சேர்ந்தவள் மட்டும்தான் நிமிர்ந்து, நேராக, ஸ்டூல் நிறைய உட்கார்ந்திருந்தாள்.