மலையைப் பார்த்து ஒரு வாய்

புது வீட்டுக்கு வந்து ஐம்பத்தெட்டு நாளாகியும் பச்சமுத்துவுக்கு அந்த வீட்டில் அறிமுகமானது ஒரே ஒரு சுவர்தான். எலவனாசூர்கோட்டையிலிருந்து வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தபோது முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். கட்டிலில் இறக்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பினார். அதோடு சரி. வாசல் எந்தத் திசை என்று பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நாற்பது வருடம் கரும்பு வெட்டியவர், அதில் பாதி மேஸ்திரி. இப்போது வலது காலில் சர்க்கரைப் புண். இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் பெரிய டாக்டர் ஊசியால் குத்திப் பார்ப்பார். உறைக்கவில்லை என்றால் கணுக்காலோடு எடுத்துவிடுவார். தினமும் நர்ஸ் வந்து கட்டுப் பிரிக்கச் சுகாதார நிலையம் பக்கம் என்று மகள் அபிநயா கல்வராயன் மலையடியில் பிடித்துக் கொடுத்த வாடகை வீடு இது. போகிற காலுக்கு வீடு எப்படியிருந்தால் என்ன என்பது பச்சமுத்துவின் எண்ணம்.

சனிக்கிழமை காலை, எங்கோ பக்கத்தில் கரும்பில் கத்தி விழும் சத்தம் கேட்டது. வெட்டுகிறவர்களில் ஒருவன் இடதுகைக்காரன் என்பதையும், இன்னொருவன் காலையில் கூழ் குடிக்கவில்லை என்பதையும் சுவரைப் பார்த்தபடியே கண்டுகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முதுகு விறைத்தது. சத்தம் நாலு பக்கமிருந்தும் உள்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்படி வெட்டினால் கரும்புக் காட்டில் இருக்கிற எலி, பாம்பு, பன்றி எல்லாம் நடுவில் ஒதுங்கும். கடைசித் திட்டில் கத்தி விழும்போது ஆள்மேல் பாயும். அதனால் ஒரு பக்கம் வெட்டாமல் வழி விடவேண்டும். வெட்டு ஆட்கள் அதை வாய் என்பார்கள். வாய் விடாத ஒரு வயலில் வயிறு கிழிந்தவன், குடலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு பஸ்ஸில் ஏறியதைப் பச்சமுத்து கண்ணால் கண்டிருக்கிறார். சில்லறை எடுக்கக் கையில்லாததால் கண்டக்டர் சும்மா விட்டுவிட்டாராம்.

"ஏ கொளஞ்சி, கரும்புல பன்னி இருக்குதா கேளு."

அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி கொளஞ்சியம்மாளின் கை நின்றது. ஐம்பத்தெட்டு நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி. அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஓடி, வெட்டு மேஸ்திரி தீனதயாளனையே ஜன்னலுக்கு இழுத்துவந்தாள்.

"ஒன்னு இருக்குதுங்க பெரியவரே. நாய் வச்சிருக்கோம், பயமில்ல."

"வாய் வுட்டியா?"

"இன்னா வாயி?"

"எத்தினி வருசமாடா கத்திய புடிச்சிகினு இருக்க? மலையப் பாத்து அஞ்சு பார் கரும்ப வெட்டாம வுடு. அதுக்கு எதிர்ப்பக்கம் நின்னு சத்தம் போடு. அது பாட்டுக்கு மலைக்குப் போயிடும்."

தீனதயாளன் மலையைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

அரை மணி நேரத்தில் தகர டப்பாக்களின் சத்தம் எழுந்தது. பன்றி வெளியே வந்தது. குறுக்கே பாய்ந்த நாய் கூரை உயரத்துக்குப் போனது, இறங்கும்போது அது நாயாக இல்லை. வாய்ப்பக்கம் நின்ற தீனதயாளனின் தொடை, சோளத் தட்டை பிளக்கிற மாதிரி பிளந்தது. விழுந்துகொண்டே அவன் வீசிய கத்தி பன்றியின் முதுகில் ஏறி அங்கேயே நின்றது. பன்றி சொன்னபடி கேட்டது. நேராக மலையைப் பார்த்து ஓடியது. கரும்புக்கும் மலைக்கும் நடுவில் ஒரு வீடு இருந்தது. அதன் கதவு திறந்திருந்தது. வாசல் கரும்பைப் பார்த்தது என்பது பச்சமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பன்றியின் எடை நூற்றிருபது கிலோ என்பது அவர் கணக்கு. கறி கிடைக்காதவர்கள் இருநூறு என்றார்கள். கட்டில் கவிழ்ந்தது. கொளஞ்சியம்மாள் கொதிக்கிற உலைநீரை அதன் முகத்தில் ஊற்றினாள். அது அலறித் திரும்பி, அவருடைய வலது காலை மிதித்தது. பச்சமுத்து எழுந்து இரண்டு காலிலும் நின்றார். உடைந்த கட்டில் காலால் மண்டையில் ஒன்று, மூக்கில் ஒன்று, அப்புறம் எண்ணவில்லை. சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. அவருடைய சுவரிலும்தான். பன்றி சமையலறையின் பின்பக்கத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயே போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வரும்வரை, தொடையில் துண்டை இறுக்கிக் கட்டித் தீனதயாளனைப் பச்சமுத்துவின் வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நடுவுல வூடு இருக்குதேன்னு அப்பவே சொல்லலாம்னு பாத்தேங்க."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க பெரிய மேஸ்திரின்னு அக்கா சொன்னாங்களே."

பச்சமுத்து தன் துண்டையும் அவிழ்த்து அந்தத் தொடையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனதும் கொளஞ்சியம்மாள் அவரைச் சமையலறையில் உட்காரவைத்துக் காலை மடியில் எடுத்துக்கொண்டாள். கட்டு கருஞ்சிவப்பாக நனைந்திருந்தது. அது அவருடைய ரத்தமா, பன்றியுடையதா என்று தெரியவில்லை. பிரித்தாள். மருந்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"உறைக்குதா?"

அவர் தகரத்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மரவள்ளிக் கொல்லை. அதற்கு மேல் ஒரு ஒற்றையடிப் பாதை. அதற்கும் மேலே, பாறைகளுக்கு நடுவில், கறுப்பாக ஏதோ நின்று நின்று ஏறியது.

"அந்தப் பாறைக்கு அந்தாண்ட இன்னா ஊருடி?"

"கால் உறைக்குதான்னு கேக்குறன்யா."

"இரு. தகரத்த இப்பிடியே வுடு, அடைக்காத."

அவள் இன்னொரு தரம் ஊற்றினாள். மடியிலிருந்த கால் வெடுக்கென்று அசைந்தது. எரிச்சலாலா, அவர் எம்பிப் பார்த்ததாலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஓட்டைக்குள், வெகு உயரத்தில், பன்றி முதுகிலிருந்த கத்தி ஒருமுறை வெயிலில் மின்னிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனது. பச்சமுத்து கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.