செடிக்கு வைத்த தண்ணீர்

மங்களூர் ஓடு என்பது சுட்ட மண். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மழைக்காலத்தில் அந்தத் துளைகளில் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும், கோடையில் அந்தப் பாசி காய்ந்து கறுக்கும். திருவொற்றியூர் மாதிரி ஊரில் அதோடு முடியாது. சுற்றிலும் இருக்கும் உலைகளின் புகைக்கரி வந்து அதன் மேல் படியும். வெறும் கரியென்றால் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். இது எண்ணெய் கலந்த கரி. எண்ணெயை இளக்கினால்தான் கரி ஓட்டிலிருந்து விடுபடும்.

எண்ணெயை இளக்குவதற்குக் காரம் வேண்டும். சவுக்காரம் செய்யும் கம்பெனிகளில் டின் டின்னாக அடைத்து வைத்திருப்பார்களே, வெள்ளைக் கட்டியாக, அந்தக் காரம். அதைத் தண்ணீரில் கரைத்துத் தென்னைநார் பிரஷ்ஷால் தேய்த்தால் பத்து வருஷத்துக் கறுப்பு பத்து நிமிஷத்தில் சேறாக இறங்கும். கரைக்கும்போது தண்ணீரில்தான் கட்டியைப் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறிக் கொதித்து மேலே தெறிக்கும்.

மழை பொய்த்த எழுபத்தைந்தாம் வருஷத்துக் கோடையில், ஒரு கம்பெனியின் விருந்தினர் பங்களாவுக்கு அப்படி ஒரு டின் வந்தது. ஸ்டோர்கீப்பர் கஸ்பார் அதன் மேல் சிவப்புப் பெயின்டில் ‘காரம்’ என்று எழுதி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை பம்பாயிலிருந்து டைரக்டர் வருகிறார். அதற்குள் கூரை சிவப்பாக வேண்டும்.

பங்களாவின் தோட்டக்காரன் பரசுராமன். வியாசர்பாடி போர்டு வீட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவன். ஒன்பது வருஷமாக டெம்பரரி. அவனைப் பர்மனென்ட் ஆக்கும் காகிதம் மேனேஜர் அருள்பிரகாசத்தின் மேஜையில் மூன்று மாதமாகக் கிடந்தது.

“டைரக்டர் வந்ததும் முதல்ல பாக்கறது ரோஜாவைத்தான்” என்றார் மேனேஜர். “கூரையைக் கழுவறேன்னு ஒரு இலை கருகினாலும் அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். புரியுதா?”

புரிந்தது. ரோஜாச் செடிகள் பதினாறும் மேற்குப் பக்கம், கூரையின் விளிம்புக்கு நேர் கீழே நின்றன. அவற்றைச் சுற்றிக் குரோட்டன்ஸ். கூரையில் ஊற்றுவதெல்லாம் அவற்றின் தலையில்தான் இறங்கும்.

பரசுராமன் இரண்டு நாள் யோசித்து வேலை செய்தான். விளிம்புக்குக் கீழே தகரத் துண்டுகளைச் சாய்த்துக் கட்டினான். ஓட்டிலிருந்து வழிவது தகரத்தில் விழுந்து, பக்கவாட்டில் ஓடி, மூலையில் அவன் தோண்டிய மணல் குழியில் சேரும். தெறிப்பதைத் தடுக்கக் கோணி. தார்பாய் போட்டால் வைகாசி வெயிலில் செடி உள்ளேயே வெந்துவிடும், கோணியில் காற்று போகும். ஆனால் கோணி காரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய கோணி இலையில் பட்டால் தெறிப்பதைவிட மோசம். அதனால் சவுக்குக் கழி நட்டு, இலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பந்தல் மாதிரிக் கட்டினான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். வேலைக்கு முன்னால் வேரையும் இலையையும் வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட வேண்டும். வயிறு நிறையக் குடித்தவன் மேலும் குடிக்கமாட்டான். மண்ணும் அப்படித்தான், நனைந்திருந்தால் கார நீரை உள்ளே இழுக்காது. வேலை முடிந்ததும் இன்னொரு தடவை இலையின் இரண்டு பக்கமும் கழுவ வேண்டும். கழுவியது போதுமா என்று அறிய ஒரு வழி உண்டு. இலையை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் போதும். வழவழவென்று வழுக்கினால் காரம் இன்னும் இருக்கிறது, மறுபடி ஊற்ற வேண்டும். வழுக்கல் போய் இலை சொரசொரக்கும் வரை ஊற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரவேண்டிய தண்ணீர் லாரி ஒன்பதரைக்கு வந்தது. ஆறு டிரம் கேட்டதற்கு லாரிக்காரன் ஐந்துதான் இறக்கினான். பங்களாக் கிணறு சித்திரையிலேயே வறண்டுவிட்டது. பரசுராமன் கூரைக்கு மூன்று, செடிக்கு இரண்டு என்று பிரித்தான். செடியின் முதல் டிரம்மை அப்போதே வேருக்கும் இலைக்கும் ஊற்றினான். இரண்டாவதை வாசல் கேட்டருகே நிழலில் வைத்துப் பலகையால் மூடினான்.

கூரையில் ஏறியவன் சின்னப்பையன். பரசுராமனின் தங்கை ராஜாத்தியின் புருஷன். ஓடு மாற்றுவது, தகரம் அடிப்பது அவன் தொழில். பரசுராமன்தான் மேனேஜரிடம் சொல்லி அழைத்து வந்திருந்தான்.

“இன்னா மச்சான், செடிக்கெல்லாம் கொட புடிச்சிகினு கீற” என்றான் சின்னப்பையன், ஏணியில் நின்றபடி. “எனுக்கு ஒண்ணும் கெடயாதா?”

“செடி வாய தொறந்து கேக்காது. நீ கேப்ப. அதான்.”

“கேட்டா மட்டும் குட்த்துருவியாக்கும்.”

“மூஞ்சில துணி கட்டிக்கடா.”

“பாக்ஸிங்ல குத்து வாங்குன மூஞ்சி இது. உன் சவுக்காரத் தண்ணி இன்னா பண்ணப்போவுது.”

பரசுராமன் சிரித்துவிட்டு, அவிழ்ந்திருந்த ஒரு கோணி முடிச்சை இழுத்துக் கட்டப் போனான்.

இந்தக் கரையில் காற்றுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. இரவில் தரை கடலைவிடச் சீக்கிரம் குளிரும், அதனால் விடிகாலையில் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, நடுப்பகலில் காற்று திரும்பி, கடலிலிருந்து தரைக்கு வரும். மேற்குச் சரிவில் நிற்பவனுக்குக் காலைக் காற்று முதுகில். நடுப்பகலுக்குப் பிறகு அதே காற்று கூரை முகட்டைத் தாண்டி முகத்தில். ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் பத்துக்கெல்லாம் மேற்குச் சரிவு முடிந்திருக்கும்.

பன்னிரண்டேகாலுக்குக் கூரையின் மூன்று டிரம்மும் தீர்ந்தன. மேற்கு விளிம்பை ஒட்டி நான்கு வரிசை ஓடு மட்டும் கறுப்பாக நின்றது. சின்னப்பையனின் வாளியில் கரைத்த காரம் பாதி இருந்தது.

“தேய்ச்சிர்லாம், கயுவ தண்ணி?” என்று மேலிருந்து கேட்டான்.

“என் டிரம்லேர்ந்து ரெண்டு பக்கெட் தரேன். நீ தேயி” என்றான் பரசுராமன்.

அப்போது தூரத்துப் புகைபோக்கியின் புகை நின்று, தயங்கி, மேற்கே சாய்ந்தது. பரசுராமன் அதைப் பார்த்தான். கடல் காற்று. தெறிப்பு இனிமேல் ரோஜாப் பக்கம்தான் வரும் என்பது அவனுக்கு உடனே தோன்றியது. கோணியை இறக்கிக் கட்ட ஓடினான். கூரையில் இருப்பவனிடம் சொல்ல வேண்டும் என்பது தோன்றவில்லை.

சின்னப்பையன் பிரஷ்ஷை வாளியில் முக்கி உதறினான். முகட்டைத் தாண்டி வந்த முதல் காற்று அந்த உதறலை அப்படியே திருப்பி அவன் முகத்தில் அடித்தது. மிச்சம் கோணியைத் தாண்டி ரோஜாக்களின் மேல் தூறலாக இறங்கியது.

அவன் கத்தவில்லை. வாளி உருண்டு தகரத்தில் மோதிய சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு அவன் ஏணியின் படிகளைக் காலால் தேடித் தேடி இறங்கினான். இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

“கண்ணுல காரம் பூட்ச்சு மச்சான். தண்ணி ஊத்து.”

பரசுராமன் அவனை வாசல் கேட்டருகே இழுத்துப்போய், பலகையை நகர்த்தி, ஒரு சொம்பு மொண்டு முகத்தில் ஊற்றினான். சின்னப்பையன் உடம்பு முறுக்கிக்கொண்டது. “இன்னும் எரியுது. இன்னும் ஊத்து.”

சமையல்காரி சிலுவையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இருபது வருஷமாக அம்மியில் மிளகாய் அரைத்தவள். கூரையில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. டின்னை அவள் பார்த்ததில்லை. அவள் காதில் விழுந்தது ஒரு சொல் மட்டும்தான்.

“காரத்துக்குத் தண்ணி ஊத்தாதீங்க, பரவிக்கினே போவும்” என்றாள். “நல்லெண்ணெ வுடணும். கையில மொளவா எரிஞ்சா எண்ணெதானே தடவறோம்? இருங்க, எட்த்தாரேன்.”

மிளகாயைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தமிழில் மிளகாயில் இருப்பதும் காரம், டின்னில் இருந்ததும் காரம். இரண்டும் எரியும். அதற்கு மேல் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

பரசுராமன் இரண்டாவது சொம்பை மொண்டிருந்தான். அது அவன் கையிலேயே நின்றது. டிரம்மில் விளிம்புக்கு நாலு விரல் குறையத் தண்ணீர் இருந்தது. பின்னால் பதினாறு ரோஜாச் செடிகள், இலை இலையாக, மேலும் கீழும் கழுவியாக வேண்டும். இந்த வெயிலில் அரை மணி விட்டால் இலை பழுப்பாகும். சிலுவையம்மாள் சொன்னது அவனுக்குப் பிடித்திருந்தது. அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்ல அவன் விரும்பவில்லை.

சொம்புத் தண்ணீரை டிரம்மிலேயே திரும்ப ஊற்றினான்.

நல்லெண்ணெய் விட்டு, ஈரத்துணி போட்டு, சின்னப்பையனைக் கார் ஷெட் நிழலில் உட்கார வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முன்னும் பின்னும் ஆடினான்.

“எண்ணெ வேல செய்யட்டும். கொஞ்சம் பொறுத்துக்க” என்றான் பரசுராமன்.

“பொறுத்துகினுதான் கீறேன். நீ எங்க போற?”

“தோ, இங்கதான்.”

ரோஜாக்களைக் கழுவ நாற்பது நிமிஷம் ஆனது. வாளி வாளியாக மொண்டு, தலையில் ஊற்றி, இலையைத் திருப்பி அடியிலும் ஊற்றினான். ஒவ்வொரு செடியிலும் நாலைந்து இலையை விரலால் தேய்த்துப் பார்த்தான். ஆறாவது செடி மூன்று வாளிக்கும் வழுக்கியது, நான்காவதற்குத்தான் விட்டது. கடைசிச் செடியில் இலை சொரசொரத்தபோது டிரம்மில் ஒரு கையளவு தண்ணீர் மிஞ்சியது. ஒரு இலைகூடக் கருகவில்லை.

ஷெட்டுக்கு வந்து துணியை எடுத்தான். வலது கண் திறக்கவில்லை. இடது கண் கொஞ்சம் திறந்தது. கருவிழி இருக்க வேண்டிய இடம், வேகவைத்த மீனின் கண் மாதிரி வெளுத்திருந்தது.

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றும்போது மேனேஜர் கார் உள்ளே வந்தது. அருள்பிரகாசம் இறங்கி, கூரையைப் பார்த்து, கோணிப் பந்தலுக்குள் குனிந்து பார்த்தார். “நல்லாக் காப்பாத்திட்டீங்க பரசுராமன். காகிதத்துக்கு இனிமே நான் பொறுப்பு” என்றார். பிறகுதான் ரிக்‌ஷாவைப் பார்த்தார். “என்ன ஆச்சு அவருக்கு?”

“கண்ணுல தூசு சார்” என்றான் பரசுராமன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃப்ளோரன்ஸ் முதலில் எதுவும் கேட்கவில்லை. ஒரு சிறிய சிவப்புக் காகிதத்தைச் சின்னப்பையனின் கண்ணோரம் ஒற்றினார். காகிதம் நீலமானது. காரம் இருந்தால் அது நீலமாகும். மணி மூன்றேகால். பட்டு மூன்று மணி நேரம் ஆகியும் காரம் உள்ளே இருந்தது. அவனைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஒரு குழாய் வழியாக இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஓடவிட்டார். ஓடிக்கொண்டேயிருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை காகிதம் ஒற்றினார். நாலாவது காகிதம்தான் சிவப்பாகவே நின்றது.

அதன் பிறகு சொன்னார். ஆசிட் பட்டால் மேல் தோல் வெந்து கெட்டியாகி, அதுவே ஆசிட்டை மேலே போகவிடாமல் தடுக்கும். காரம் அப்படி இல்லை. எண்ணெய்ப் பசையைக் கரைப்பது அதன் குணம். கண்ணின் தோலிலும் எண்ணெய்ப் பசைதான் இருக்கிறது. அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். நிறுத்த ஒரே வழி தண்ணீர். பட்ட நொடியிலிருந்து அரை மணி நேரம், எந்தத் தண்ணீரானாலும் சரி.

“வலது கண் போயிடுச்சு. இடதுல வெளிச்சம் மட்டும் தெரியலாம். அங்க தண்ணி இல்லையா?” என்று கேட்டார்.

பரசுராமன் சுவரைப் பார்த்தான்.

“தண்ணி இருந்துச்சு டாக்டரம்மா” என்றான் சின்னப்பையன், கட்டுப் போட்ட முகத்தோடு. “ஊத்துற சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. காரத்துக்குத் தண்ணி ஆவாதுன்னு எண்ணெ வுட்டாங்க.”

“மிளகாய்ன்னு நெனச்சாங்களா?”

“அந்தம்மா நெனச்சிகிச்சு. சமையக்கட்டுல கீற அம்மா, பாவம், அதுக்கு இன்னா தெரியும்.” அவன் தலையைத் திருப்பி, பரசுராமன் நிற்கும் இடத்தை மூச்சுச் சத்தத்தால் கண்டுபிடித்தான். “நீ டின்ன பாத்தவன்தானே மச்சான். ரோஜா மேலயும் அதே காரம்தானே பட்டுச்சு. அதுக்கு ஏன் எண்ணெ தடவல?”

டாக்டர் எழுதுவதை நிறுத்திப் பரசுராமனைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார்.

ஐந்து மணிக்கு ராஜாத்தி வந்தாள். செருப்புப் போட மறந்து, வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வார்டு வாசலில் அண்ணனைப் பார்த்ததும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாண்ணா ஆச்சு அதுக்கு?”

“கண்ணுல காரம்…” என்று தொடங்கினான் பரசுராமன். அவள் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி தெரிந்தது. காரம்தானே என்று அவளும் நினைத்துவிட்டாள். சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

அவன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“தண்ணி கேட்டான்மா. ஒரு டிரம் இருந்துச்சு. நான் ஊத்தல.”